கஞ்சா நகைச்சுவை இசைத்தட்டுகளைச் சேகரிக்கத் தொடங்குவோருக்கு: எதை, எங்கே, என்ன பார்த்து வாங்குவது

அமெரிக்காவில் 1970களில் வெளிவந்த கஞ்சா நகைச்சுவை எல்.பி. இசைத்தட்டுகளை, அதாவது கஞ்சா புகைப்போரைப் பற்றிய வேடிக்கைப் பேச்சும் காட்சிகளும் பதிவான பெரிய தட்டுகளை, தேடி வாங்க விரும்பும், அமெரிக்காவில் வாழும் நம்மவர்களில் புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன். ராக், ஜாஸ் தட்டுகளைச் சேகரிப்பதற்கு வழிகாட்டிகள் ஏராளமாக உள்ளன. ஆனால் பேச்சும் சிரிப்பும் மட்டுமே நிறைந்த தட்டுகளுக்கு அந்த அறிவுரைகளில் பாதி பொருந்துவதில்லை. அந்தப் பாதியைத் தட்டுத் தடுமாறித் தெரிந்துகொள்ளும் செலவும் அலைச்சலும் உங்களுக்கு வேண்டாம் என்பதே என் நோக்கம்.

முதலில் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். இந்தத் தட்டுகள் அபூர்வமானவை அல்ல. இந்த வகையில் புகழ்பெற்ற நகைச்சுவை இணையான சீச் மரின், டாமி சாங் ஆகியோரின் இரண்டாவது, மூன்றாவது ஆல்பங்கள் பில்போர்டு இதழின் ஆல்பம் பட்டியலில் 2ஆம் இடம் வரை ஏறியவை. அந்த அளவுக்கு விற்ற பொருள் ஐம்பது ஆண்டுகள் கழித்தும் பழைய வீடுகளின் பரண்களிலிருந்து வந்துகொண்டேதான் இருக்கும். கீறல் விழாத, உறைக்குள் வைத்து விற்றவை எல்லாம் அப்படியே இருக்கிற பிரதிதான் அரிது. விற்பவர் "அபூர்வம்" என்று எழுதியிருந்தால் அந்தச் சொல்லை அடித்துவிட்டு, அடுத்த வரியில் நிலையைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார் என்று பாருங்கள்.

1. எதை வாங்குவது என்று முதலில் பட்டியலிடுங்கள்

பட்டியல் இல்லாமல் கடைக்குப் போனால் மலிவாகக் கிடைத்தவற்றையெல்லாம் அள்ளிக்கொண்டு வருவீர்கள். தொடக்கத்துக்கு லூ ஆட்லர் நடத்திய ஓட் ரெக்கார்ட்ஸ் வெளியிட்ட ஐந்து ஆல்பங்கள் போதும் (அடைப்புக்குள் ஆண்டும் நிறுவனத்தின் வரிசை எண்ணும்): சீச், சாங் இருவரின் பெயரையே தலைப்பாகக் கொண்ட முதல் ஆல்பம் (1971, எஸ்.பி. 77010), பிக் பாம்பூ (1972, எஸ்.பி. 77014), சிறந்த நகைச்சுவைப் பதிவுக்கான கிராமி விருது பெற்ற லோஸ் கொசினோஸ் (1973, எஸ்.பி. 77019), வெட்டிங் ஆல்பம் (1974, எஸ்.பி. 77025), ஸ்லீப்பிங் பியூட்டி (1976, எஸ்.பி. 77040). கதவைத் தட்டுபவனிடம் உள்ளிருப்பவன் "டேவ் இங்கே இல்லை" என்று சொல்லிக்கொண்டே இருக்கும் புகழ்பெற்ற காட்சி முதல் ஆல்பத்தில் உள்ளது. ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் அதையே வாங்குங்கள். பாடகி கேரோல் கிங்கின் டேபஸ்ட்ரி ஆல்பமும் இதே நிறுவனத்தில், இதற்கு முந்தைய 77009 என்ற எண்ணில் வந்தது. பழைய தட்டுக் கடைகளில் டேபஸ்ட்ரி இல்லாத பெட்டியே இல்லை என்பதால், ஓட் நிறுவனத்தின் லேபிள் (தட்டின் நடுவில் ஒட்டிய காகித வட்டம்) எப்படி இருக்கும் என்று பழகிக்கொள்ள அதை எடுத்துப் பார்த்தாலே போதும்.

அடுத்த சுற்றுக்கு மேடை நகைச்சுவையாளர் ஜார்ஜ் கார்லினின் எஃப்.எம். அண்ட் ஏ.எம். (1972), க்ளாஸ் க்ளௌன் (1972), டொலீடோ விண்டோ பாக்ஸ் (1974) ஆகியவற்றைத் தேடலாம். மூன்றும் லிட்டில் டேவிட் நிறுவனம் வெளியிட்டவை. கொலம்பியா வெளியிட்ட ஃபயர்சைன் தியேட்டர் என்ற நகைச்சுவைக் குழுவின் தட்டுகள் வேறு வகையைச் சேர்ந்தவை. வானொலி நாடகம் போல அடுக்கடுக்காகப் பதிவு செய்யப்பட்டவை. ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்பவருக்குத்தான் பிடிபடும். அவற்றில் டோன்ட் க்ரஷ் தட் ட்வார்ஃப், ஹேண்ட் மீ த ப்ளையர்ஸ் (1970) அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் இடம்பெற்றது. எலெக்ட்ரா 1971இல் வெளியிட்ட எ சைல்ட்ஸ் கார்டன் ஆஃப் கிராஸ் இந்த வகையின் கலப்படமில்லாத மாதிரி. ஆனால் மேற்சொன்னவற்றை விட அதற்குச் சற்று அதிகமாகத் தேட வேண்டியிருக்கும்.

லெட்ஸ் மேக் எ நியூ டோப் டீல் (1980), கெட் அவுட் ஆஃப் மை ரூம் (1985) போன்ற சீச், சாங் இணையின் பிற்கால ஆல்பங்களைத் தள்ளிப் போடுங்கள். சேகரிப்பை முழுமையாக்க அவை உதவலாம். சிரிப்பதற்கு முதல் நான்கே போதும் என்பது என் கருத்து. குழந்தைகளும் ஊரிலிருந்து வந்திருக்கும் பெரியவர்களும் வீட்டில் இருக்கும்போது இவற்றில் எதையும் ஒலிக்க விடாதீர்கள். கெட்ட வார்த்தைகள் மட்டுமல்ல, இன்று முகம் சுளிக்க வைக்கும் இனக் கேலிகளும் இவற்றில் உண்டு.

2. எந்தப் பதிப்பு என்று அடையாளம் காணுங்கள்

ஒரே ஆல்பம் பல பதிப்புகளாக வந்திருக்கும். உறையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வேறொரு பிரதியின் தட்டை இந்த உறைக்குள் செருகி விற்பது பழைய பொருள் சந்தையில் அன்றாட நிகழ்ச்சி. உறையின் முதுகில் உள்ள எண், தட்டின் லேபிளில் உள்ள எண், கடைசிப் பள்ளத்துக்கும் லேபிளுக்கும் இடைப்பட்ட வெற்று வளையத்தில் கீறப்பட்டிருக்கும் எண் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும்.

முதல் ஆல்பங்களின் அசல் பதிப்புகளில் லேபிளில் ஓட் என்ற பெயரோடு, விநியோகித்த ஏ அண்ட் எம் நிறுவனத்தின் பெயரும் இருக்கும். 1978இல் சீச், சாங் இருவரின் முதல் திரைப்படம் வெற்றி பெற்றதையொட்டி வார்னர் பிரதர்ஸ் பழைய ஆல்பங்களை மறுபடியும் வெளியிட்டது. அவற்றின் எண்கள் பி.எஸ்.கே. என்று தொடங்கும். கேட்பதற்கு இந்த மறுபதிப்புகளில் குறை ஒன்றும் இல்லை; பல நேரங்களில் அசலை விடக் குறைந்த தடவைகளே ஒலிக்க விட்ட பிரதிகளாகவும் இருக்கும். ஆனால் அசலின் விலையை இவற்றுக்குக் கொடுக்கக் கூடாது. இணையத்தில் விற்பவர்கள் சிலர் உள்ளே 1972 என்ற பதிப்புரிமை ஆண்டு அச்சாகியிருப்பதைக் காட்டி "முதல் பதிப்பு" என்பார்கள். மறுபதிப்பிலும் பழைய ஆண்டு அப்படியே அச்சாகியிருக்கும் என்பதால் அது எதற்கும் சான்று அல்ல.

வெற்று வளையத்தைப் பார்க்கும்போது விளக்கை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடியுங்கள். வட்டத்துக்குள் எம்.ஆர். என்ற எழுத்துகளும் முக்கோணத்துக்குப் பக்கத்தில் ஐந்திலக்க எண்ணும் இருந்தால் அந்தத் தட்டு லாஸ் ஏஞ்சலிஸின் மோனார்க் ஆலையில் அழுத்தப்பட்டது. இசைத்தட்டுப் பதிப்புகளைப் பட்டியலிட்டு, விற்கவும் வாங்கவும் உதவும் டிஸ்காக்ஸ் இணையதளத்தில் அந்தக் கீறல்களை அப்படியே தட்டச்சு செய்து தேடினால் சரியான பதிப்பின் பக்கம் வரும். அந்தப் பக்கத்தின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் விலையை ஒப்பிடவும், சிக்கல் வந்தால் விற்பவரிடம் பேசவும் அது பயன்படும்.

உறையின் மூலையை வெட்டியோ, ஓரத்தில் ரம்பத்தால் கீறியோ, துளையிட்டோ இருந்தால் அது விற்காமல் தேங்கிக் கழிவு விலைக்குத் தள்ளப்பட்ட பிரதி. பலர் இதைக் குறையாகக் கருதுவதால் விலை இறங்கும். ஆனால் அந்தத் தட்டுகள் அதிகம் ஒலிக்காமலே கிடந்திருக்க வாய்ப்பு உண்டு. அழகுக்காக அல்லாமல் கேட்பதற்காக வாங்குபவர் இவற்றையே முதலில் புரட்ட வேண்டும்.

3. உறைக்குள் என்ன இருக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

இந்த வகைத் தட்டுகளின் விலையைத் தட்டை விட, கூட வந்த காகிதங்களே தீர்மானிக்கின்றன. பிக் பாம்பூவின் உறை, பாம்பூ என்ற சுருட்டுத் தாள் (புகைப்பதற்காகச் சுருட்டும் மெல்லிய காகிதம்) பொட்டலத்தைப் போலவே வடிவமைக்கப்பட்டது. உள்ளே ஒரு ராட்சதச் சுருட்டுத் தாளையும் மடித்து வைத்து விற்றார்கள். அந்தக் காலத்து இளைஞர்கள் அதை என்ன செய்திருப்பார்கள் என்று விளக்கத் தேவையில்லை. அதனால் தாள் இல்லாத பிரதிகளே சந்தையில் மிகுதி. தாள் உள்ள பிரதிக்குப் பல மடங்கு விலை கேட்கிறார்கள்.

ஆகவே தாள் உள்ளது என்று விற்பவர் எழுதியிருந்தால் மட்டும் போதாது. தாளை முழுவதுமாக விரித்து, அந்த உறைக்குப் பக்கத்தில் வைத்து எடுத்த படம் வேண்டும். மடிப்புக் கோடுகளில் கிழிந்திருக்கிறதா, ஒட்டு நாடா போட்டிருக்கிறதா, தாளின் மஞ்சள் நிறம் உறையின் வயதோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். வேறொரு பிரதியின் தாளை இதில் சேர்த்திருந்தால் அதில் தவறில்லை. ஆனால் வேற்றுத் தாளைச் சேர்த்த பிரதியை "முதல் உரிமையாளர் முதல் இன்று வரை கலையாத பிரதி" என்று சொல்லி விலை ஏற்றினால் ஒதுங்கிக்கொள்ளுங்கள். வாங்கிய பிறகு அந்தத் தாளை அடிக்கடி விரித்துக் காட்டாதீர்கள். அமிலமற்ற பிளாஸ்டிக் உறையில் தனியே போட்டு, தட்டோடு உரசாதபடி வையுங்கள்.

லோஸ் கொசினோஸின் உறை ஒரு காரின் கதவு. கதவுக்குள் கஞ்சாவை எப்படி ஒளித்துக் கடத்துகிறார்கள் என்று காட்டும் இரகசிய அறை ஒன்று உறைக்குள்ளேயே அமைந்திருக்கிறது. அட்டையை வெட்டிச் செய்த வேலை என்பதால் வெட்டு விளிம்புகள்தான் முதலில் மடங்கும், கிழியும். அந்த விளிம்புகளை நெருக்கத்தில் எடுத்த படம் இல்லாமல் பணம் அனுப்பாதீர்கள். வெட்டிங் ஆல்பம் உள்ளிட்ட மற்றவற்றுக்கும் அந்தந்தப் பதிப்பின் டிஸ்காக்ஸ் பக்கத்தில் எந்தெந்த இணைப்புகள் குறிப்பிடப்பட்டுள்ளன என்று பார்த்து, அந்தப் பட்டியலை அப்படியே விற்பவரிடம் கேளுங்கள்.

இனி யாரும் சொல்லாத ஒன்று. இரட்டையாக விரியும் மடிப்பு உறைகளை அந்தக் காலத்தில் கஞ்சாவிலிருந்து விதையையும் காம்பையும் பிரிக்கும் முறமாகப் பயன்படுத்தினார்கள். உறையைச் சாய்த்தால் விதைகள் உருண்டு நடுமடிப்பில் தங்கும். இன்றும் பழைய உறையை விரித்து வெள்ளைக் காகிதத்தின் மேல் தட்டினால், நடுமடிப்பின் ஒட்டுக்குள்ளிருந்து பழுப்புத் தூளும் மிளகில் பாதி அளவுள்ள விதையும் விழுவதுண்டு. சேகரிப்பாளர் சிலருக்கு இது வேடிக்கை. உங்களுக்கு அப்படி இருக்கக் கூடாது. கலிஃபோர்னியா வாக்காளர்கள் 2016இல் பெரியவர்களின் கஞ்சாப் பயன்பாட்டை அனுமதித்தார்கள் என்றாலும், கூட்டாட்சிச் சட்டத்தில் அது இன்னும் தடைசெய்யப்பட்ட பொருள்தான். விசா, நிரந்தர வசிப்புரிமை (பச்சை அட்டை), விமான நிலையக் குடிநுழைவுச் சோதனை ஆகியவை அனைத்தும் கூட்டாட்சிச் சட்டத்தின் கீழ் நடப்பவை. ஆகவே விசாவிலோ பச்சை அட்டையிலோ இருப்பவர் உறையை வாங்கிய இடத்திலேயே விரித்துத் தட்டித் துடைத்து, குப்பையை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும். தபாலில் வாங்கினால் அனுப்பும் முன் சுத்தம் செய்து தரும்படி எழுத்தில் கேளுங்கள். நகைச்சுவைத் தட்டை வைத்திருப்பது எந்தக் குற்றமும் அல்ல. ஒட்டிக்கொண்டு வரும் தூள்தான் தேவையற்ற தலைவலி.

4. தட்டின் நிலையைப் பேச்சுத் தட்டுக்குரிய கண்ணோடு பாருங்கள்

விற்பவர்கள் கோல்ட்மைன் என்ற சேகரிப்பாளர் இதழின் அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள்: மின்ட், நியர் மின்ட், வெரி குட் பிளஸ், வெரி குட், குட், புவர். பெயர்களைக் கேட்டு ஏமாறாதீர்கள். இந்த வரிசையில் "குட்" என்றால் ஏறக்குறைய கெட்டுப்போன தட்டு என்று பொருள். ராக் தட்டு வாங்குபவர் "வெரி குட்" நிலையில் திருப்தி அடையலாம், ஏனெனில் கிடாரும் டிரம்மும் இரைச்சலை மூடிவிடும். பேச்சுத் தட்டில் ஒரு கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் வரும் மௌனத்தில்தான் நகைச்சுவையே இருக்கிறது. அந்த மௌனத்தில் பொரிந்தால் காட்சி பாழாகிவிடும். ஆகவே இந்த வகைக்கு "வெரி குட் பிளஸ்" நிலைக்குக் கீழே இறங்காதீர்கள்.

கடையில் பார்க்கும்போது மூன்று இடங்களைக் கவனியுங்கள். முதலாவது, லேபிளின் நடுத்துளையைச் சுற்றியுள்ள பகுதி. தட்டை ஒலிக்க விடும் கருவியான சுழலியில் வைக்கும்போது அதன் நடுக்கம்பி துளையைத் தேடி லேபிளின் மேல் உரசிய மெல்லிய வெள்ளைக் கோடுகள் அங்கே இருக்கும். கோடுகள் அதிகம் என்றால் தட்டு அதிகம் ஒலித்திருக்கிறது, பளபளப்பை நம்பாதீர்கள். இரண்டாவது, ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் இடையிலுள்ள பளபளப்பான பட்டை. விருந்தில் "அந்த டேவ் காட்சியைப் போடு" என்று யாராவது கேட்க, அரையிருட்டில் முள்ளைத் தூக்கி வைத்ததன் தழும்புகள் அந்தப் பட்டைகளைச் சுற்றியே கிடக்கும். மூன்றாவது, லேபிளை ஒட்டிய உள்பள்ளங்கள். தேய்ந்த முள்ளும் அதிக எடையும் முதலில் கெடுப்பது அந்தப் பகுதியைத்தான். சாம்பல் பூத்தது போலத் தெரிந்தால் கழுவினாலும் போகாது.

விரல் நுனியால் கீறலை மெதுவாகத் தடவிப் பாருங்கள். விரலுக்குத் தட்டுப்படாத கீறல் பெரும்பாலும் ஒலியில் கேட்காது. தட்டுப்படுவது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை டக்கென்று அடிக்கும்.

பிரிக்காத பிரதி என்று விற்பவற்றில் கவனமாக இருங்கள். பழைய உறையின் மேல் புதிய பிளாஸ்டிக்கைச் சுருக்கி ஒட்டுவது எளிது. பிளாஸ்டிக்குக்கு அடியில் அட்டையில் வட்டத் தேய்மானம் தெரிந்தாலோ, மூலைகள் மழுங்கியிருந்தாலோ அது மறுபடியும் ஒட்டப்பட்டது. உண்மையாகவே பிரிக்காததாக இருந்தாலும், பல ஆண்டுகள் இறுகிய பிளாஸ்டிக் தட்டை வளைத்திருக்கலாம். உள்ளே தாள் இருக்கிறதா என்பதையும் பிரிக்காமல் பார்க்க முடியாது. பிரிக்கப் போகிறவருக்கு அந்தக் கூடுதல் விலை வீண்.

5. எங்கே, எப்போது தேடுவது

தெற்குக் கலிஃபோர்னியாவில் இருப்பவர்களுக்கு இரண்டு சந்தைகள் போதும். பாசடீனா நகரக் கல்லூரி வளாகத்தில் மாதத்தின் முதல் ஞாயிறு கூடும் பழைய பொருள் சந்தையில் தட்டுகளுக்கென்றே தனிப்பகுதி உண்டு, நுழைவுக் கட்டணம் இல்லை. ரோஸ் பௌல் மைதானத்தில் இரண்டாம் ஞாயிறு கூடும் சந்தை பெரியது. அங்கே நுழைவுக் கட்டணம் உண்டு, விடியற்காலையில் நுழைய இன்னும் அதிகம். நகைச்சுவைத் தட்டுகளுக்காக விடியலில் போக வேண்டியதில்லை. வியாபாரிகள் அந்த நேரத்தில் ஜாஸ், சோல் இசைத் தட்டுகளைத்தான் அள்ளுவார்கள். பிற்பகலில் கடை கட்டும் நேரத்தில் போனால் "மூன்று தட்டு பத்து டாலர்" என்ற பெட்டிக்குள் இவை தப்பிக் கிடக்கும். வாங்கியதை வெயிலில் நிறுத்திய காரில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். ஒரு மதியச் சாப்பாட்டு நேரத்தில் தட்டு வளைந்துவிடும்.

ஹாலிவுட், பெர்க்லி, சான் ஃபிரான்சிஸ்கோ ஆகிய இடங்களில் உள்ள அமீபா போன்ற பெரிய கடைகளில் நகைச்சுவைக்குத் தனி அடுக்கு உண்டு. சிறிய கடைகளில் "பேச்சு", "திரைப்படம்", "இதர" என்ற அட்டைகளுக்குப் பின்னால் தேடுங்கள். இறந்தவர்களின் வீட்டுப் பொருள்களை விற்கும் எஸ்டேட் விற்பனைகளில் முதல் நாள் தேர்வு அதிகம், கடைசி நாள் விலை பாதி. நமக்கு வேண்டியவை பெரும்பாலும் கடைசி நாள் வரை மிஞ்சும்.

இணையத்தில் வாங்குபவர்கள் நாள்காட்டியைப் பார்க்க வேண்டும். கஞ்சாக் கொண்டாட்ட நாளாகிய ஏப்ரல் 20 நெருங்கும்போது இந்தத் தட்டுகளின் விலையைச் சிலர் ஏற்றிவிடுகிறார்கள். சாண்டா க்ளாஸ் அண்ட் ஹிஸ் ஓல்டு லேடி என்ற சீச், சாங் இணையின் 1971ஆம் ஆண்டுச் சிறு தட்டுக்கு டிசம்பரில் இதே கதிதான், ஜூலையில் தேடுங்கள். ஏப்ரலில் வரும் ரெக்கார்டு ஸ்டோர் டே புதிய பதிப்புகளுக்கான நாள். பழைய தட்டு தேடுபவருக்கு அன்று கடையில் நிற்க இடம் கூடக் கிடைக்காது.

சிறு தட்டுகளில் பாஸ்கெட்பால் ஜோன்ஸ் (1973) பற்றி ஓர் எச்சரிக்கை. அந்தப் பதிவில் ஜார்ஜ் ஹாரிசன் கிடார் வாசித்திருக்கிறார் என்பதால் பீட்டில்ஸ் சேகரிப்பாளர்களும் அதைத் தேடுகிறார்கள், விலை ஏறுகிறது. அதே பதிவு லோஸ் கொசினோஸ் ஆல்பத்திலேயே இருக்கிறது.

6. செலவைக் கணக்கிடுங்கள்

தாள் இல்லாத, நன்றாக ஒலிக்கும் பிக் பாம்பூவும் மற்ற நான்கு ஆல்பங்களும் கடைகளில் ஒவ்வொன்றும் பெரும்பாலும் 8 முதல் 20 டாலருக்குள் கிடைக்கின்றன. சந்தைப் பெட்டிகளில் இன்னும் குறைவு. இணையத்தில் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். டிஸ்காக்ஸ் பக்கத்தின் விற்பனை வரலாற்றில் உண்மையில் விற்ற விலையைப் பாருங்கள், ஈபேயில் "விற்றவை" என்ற வடிகட்டியைப் போடுங்கள். கலிஃபோர்னியாவில் குறைந்தது 7.25 விழுக்காடு விற்பனை வரி சேரும், ஊருக்கு ஊர் இன்னும் கூடும்.

புதியவர்கள் தடுக்கி விழும் இடம் தபால் செலவு. அமெரிக்கத் தபால் துறையின் மீடியா மெயில் என்ற மலிவு வகையில் ஒலிப்பதிவுகளை அனுப்பலாம். ஒரு தட்டுப் பொதிக்கு ஐந்தாறு டாலர் ஆகும். அதே பெட்டியில் சேரும் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு டாலருக்கும் குறைவாகவே கூடும். எட்டு டாலர் தட்டுக்கு ஆறு டாலர் தபால் கொடுப்பது மடமை. ஆகவே விரும்பிய தட்டு கிடைத்ததும் அதே விற்பவரின் முழுப் பட்டியலையும் பார்த்து, நான்கைந்தாகச் சேர்த்து வாங்குங்கள். மீடியா மெயில் மெதுவாகத்தான் வரும். ஒரு வாரத்துக்கு மேல் ஆனால் பதற வேண்டாம். இந்த வகைப் பொதிகளைத் தபால் துறை பிரித்துப் பார்க்கலாம், வேறு பொருள் இருந்தால் கூடுதல் கட்டணம் கேட்கலாம். எனவே விற்பவர் அன்பளிப்பாக டி-சட்டை சேர்த்து அனுப்புகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பணம் அனுப்பும்போது பேபாலில் "பொருள்கள், சேவைகள்" என்ற வகையையே தேர்ந்தெடுங்கள். கட்டணத்தைத் தவிர்க்க "நண்பர்கள், குடும்பம்" வகையில் அனுப்பச் சொல்பவரிடம் வாங்காதீர்கள். அந்த வகைக்குப் பாதுகாப்பே கிடையாது.

7. பணம் அனுப்பும் முன் இதை எழுதிக் கேளுங்கள்

நேரில் பார்க்காமல் வாங்கும் ஒவ்வொரு முறையும் கீழ்க்கண்ட பொருளில் விற்பவருக்கு ஆங்கிலத்தில் எழுதுங்கள்:

"வணக்கம். இந்தப் பிரதியை வாங்க விரும்புகிறேன். தட்டைக் கண்ணால் பார்த்து நிலையைச் சொல்லியிருக்கிறீர்களா, ஒலிக்க விட்டுச் சொல்லியிருக்கிறீர்களா? முள் துள்ளும் இடம் ஏதும் உண்டா? இரு பக்கங்களின் வெற்று வளையத்தில் உள்ள எழுத்துகளைத் தெரிவிக்க முடியுமா? பதிப்புப் பக்கத்தில் உள்ள இணைப்புகள் அனைத்தும் இருக்கின்றனவா? மடிப்பு உறையின் உள்பக்கத்தை விரித்து எடுத்த படம் ஒன்று வேண்டும். உள்ளே தூள் இருந்தால் சுத்தம் செய்து அனுப்பவும். தட்டை உறைக்கு வெளியே எடுத்து, காகித உறையோடு தனியே வைத்து, இரு பக்கமும் அட்டை வைத்து அனுப்ப வேண்டுகிறேன்."

கடைசி வேண்டுகோளை எந்த நிலையிலும் விடாதீர்கள். தட்டு உறைக்குள்ளேயே இருந்தால் பயணத்தில் ஆடி ஆடி உறையின் ஒட்டு ஓரத்தைப் பிளந்துவிடும். அப்படிப் பிளந்து வந்த உறையைக் காட்டி ஒரு விற்பனையாளரிடம் முறையிட்டேன். எனக்கு வந்த பதில், "அனுப்பும்போது நன்றாகத்தான் இருந்தது." அவர் சொன்னது உண்மையாகவே இருந்திருக்கும், எழுதிக் கேட்டிருந்த வேண்டுகோள் கையில் இருந்ததால்தான் பணத்தில் ஒரு பகுதியைத் திரும்பப் பெற முடிந்தது. இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல அலுத்துக்கொள்பவரை விட்டுவிடுங்கள்; அதே தட்டை இன்னும் பலர் விற்கிறார்கள்.

8. வந்து சேர்ந்த அன்றே சோதியுங்கள்

பொதியைப் பிரிக்கும் முன்பே வெளிப்பக்கத்தைப் படம் எடுங்கள். பிறகு லேபிள், வெற்று வளையம், உறையின் ஓரங்கள், இணைப்புகள் என்று வரிசையாக எடுங்கள். இரு பக்கங்களையும் முழுவதுமாகக் கேளுங்கள்; காட்சிகளைத் தாவிக் கேட்டால் முள் சிக்கும் இடம் தப்பிவிடும். ஈபேயில் பொருள் வந்து 30 நாளுக்குள் முறையிட வேண்டும், பேபாலில் பணம் செலுத்திய நாளிலிருந்து 180 நாள் வரை தகராறு எழுப்பலாம். ஆனால் விற்பவரின் நல்லெண்ணத்துக்கு ஆயுள் இரண்டு மூன்று நாள்தான். ஆகவே குறை இருந்தால் உடனே, கோபமில்லாமல், படத்தோடு எழுதுங்கள். பெரும்பாலானோர் சண்டை போடாமல் பகுதித் தொகையைத் திருப்பித் தருவார்கள்.

9. கருவியும் கழுவுதலும்

பெட்டி போல மூடிக்கொள்ளும் மலிவான சுழலிகளைத் தவிருங்கள். அவற்றின் செராமிக் கார்ட்ரிட்ஜ்கள் (முள்ளைப் பிடித்திருக்கும் பகுதி) முள்ளைக் கனமாக அழுத்துகின்றன. முள்ளின் எடையைச் சரிசெய்ய வசதியுள்ள சுழலி, காந்தக் கார்ட்ரிட்ஜ் ஆகியவை இருந்தால் ஏறத்தாழ 2 கிராம் அழுத்தத்தில் தட்டு பத்திரமாக ஒலிக்கும். புதிதாக வாங்கினால் இதற்கு 250 முதல் 350 டாலர் ஒதுக்க வேண்டும்.

பழைய தட்டை ஒலிக்க விடுவதற்கு முன்பே கழுவ வேண்டும். புகை படிந்த அறைகளில் வாழ்ந்த தட்டுகளில் பிசுபிசுப்பான படலம் இருக்கும், அதன் மேல் முள் ஓடினால் அழுக்கு பள்ளத்துக்குள் இறுகும். கையால் சுழற்றிக் கழுவும் எளிய தொட்டி ஏறக்குறைய 80 டாலருக்குக் கிடைக்கிறது. காய்ச்சி வடித்த நீரையே பயன்படுத்துங்கள், லேபிளில் நீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காய்ந்ததும் பழைய காகித உறைக்குள் திரும்பப் போடாமல் புதிய உள்ளுறையில் போடுங்கள். பழைய உறையைத் தூக்கி எறியாமல் அட்டைக்குள்ளேயே வைத்திருங்கள், விற்கும்போது அதற்கும் மதிப்பு உண்டு.

10. பட்டியலும் பற்றுச்சீட்டும்

வாங்கிய நாளிலேயே ஒரு விரிதாளில் தலைப்பு, எண், பதிப்புப் பக்க எண், வாங்கிய விலை, தபால் செலவு, நிலை, இணைப்புகள் ஆகியவற்றைப் பதிவு செய்யுங்கள். பற்றுச்சீட்டையும் விற்பவரின் படங்களையும் ஒரே கோப்புறையில் போட்டு வையுங்கள். வாடகை வீட்டுக் காப்பீட்டில் இழப்பீடு கேட்கும்போது இந்தப் பட்டியலைத்தான் கேட்பார்கள்.

ஊருக்குத் திரும்பும்போது எடுத்துச் செல்ல நினைப்பவர்களுக்கும் இதே பட்டியல் சுங்கத்தில் பயன்படும். பயன்படுத்திய சொந்தப் பொருள் என்று காட்ட வாங்கிய தேதியும் விலையும் கொண்ட பற்றுச்சீட்டுகளே ஆதாரம். விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் புறப்படும் ஆண்டின் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே ஆல்பத்தின் பல பிரதிகளை எடுத்துச் சென்றால் வணிகச் சரக்கு என்ற கேள்வி எழும். மாற்றுப் பிரதிகளை இங்கேயே விற்றுவிடுங்கள். கப்பல் கொள்கலனின் வெப்பத்தில் வாரக்கணக்கில் கிடந்தால் தட்டுகள் வளையும் என்பதால், நல்ல பிரதிகளைக் கைப்பையிலும், மீதியை நெருக்கமாக, நிமிர்த்தி அடுக்கிய சிறு பெட்டிகளிலும் கொண்டு செல்லுங்கள். பெட்டியை மூடும் முன் ஒவ்வொரு மடிப்பு உறையையும் கடைசியாக ஒரு முறை விரித்து, வெள்ளைக் காகிதத்தின் மேல் தட்டிப் பார்த்துவிடுங்கள்.